ஊர் கூடி ஓட்டும் பஸ்

கல்லூரியால் பெயர் பெற்ற ஊர்கள் நம் நாட்டில் பல உண்டு. வடக்கே ரூர்க்கி, அலிகார், கிழக்கே கரக்பூர், இராஜஸ்தானத்தில் பிலானி, கன்னட நாட்டுக் கடற்கரையை அடுத்து மணிப்பால். ஆசிரியப் பணியின் பொருட்டும், அலுவலகப் பணியின் பொருட்டும், கல்வியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து இத்தகைய ஊர்களில் குடியேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வந்த இடத்தின் மொழி பழகிவிடுகிறது; உணவு பழகிவிடுகிறது; குளிரும் பழகிவிடுகிறது. ஆயினும் ஒரு கவலை மட்டும் எளிதில் தீர்வதில்லை. இரவு ஒன்பது மணிக்கு நூலகத்திலிருந்து புறப்படும் நம் வீட்டுப் பெண், எதில் ஏறி வீடு வந்து சேர்வாள் என்னும் கவலைதான் அது.

சைக்கிள் உள்ளவர் சைக்கிளில் செல்வர். மற்றவருக்கு ரிக்ஷா, அண்மை ஆண்டுகளில் மின்சார ரிக்ஷா. வங்காளத்தில் அதனை டோட்டோ என்பர். பகலில் அதற்கு ஒரு விலை, மழையில் ஒரு விலை, இருட்டிய பின் வேறொரு விலை. ஓட்டுபவரைக் குறை கூறிப் பயனில்லை. அவரும் பல சமயங்களில் நாள் வாடகைக்கு வண்டி எடுத்தவரே. ஊருக்கென்று பொதுவான ஒரு வண்டி இல்லாதபோது அவரவர் பாட்டை அவரவரே பார்த்துக்கொள்ள நேர்கிறது. வசதி உள்ளவர் சமாளித்துக்கொள்கின்றனர், இல்லாதவர் நடக்கின்றனர்.

நடுத்தரமான ஒரு கல்லூரி நகரம் தனக்கென ஒரு பஸ் முறையை அமைத்துக்கொள்ள முடியுமா, முடியுமாயின் அதன் செலவை ஏற்பவர் யார், அதனை நடத்துபவர் யார் என்னும் வினாக்களை இன்று நாம் ஆராய்வோம். இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டின் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்கிறோம். மோட்டார் கார் மலிந்த நாட்டிலிருந்து பஸ்ஸுக்குச் சான்று தேடுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. வீட்டுக்கு வீடு கார் நிற்கும் நாட்டிலேயே சில ஊர்கள் பஸ்ஸை விரும்பித் தேர்ந்துகொண்டன என்றால், அத்தேர்வில் நாம் அறிந்துகொள்ளத்தக்கது ஏதேனும் இருத்தல் வேண்டும்.

முதலில், கல்லூரி ஊரின் போக்குவரத்துக்கு உள்ள தனித்தன்மையைப் பார்ப்போம். மற்ற ஊர்களில் மக்கள் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். கூட்டம் நாளுக்கு இரு முறை வரும். இரு முறை வடியும். கல்லூரி ஊரிலோ மணி அடிக்கும்போதெல்லாம் கூட்டம் எழுகிறது. பத்து மணி வகுப்புக்கு ஒரு கூட்டம் விரைந்து வருகிறது. ஒன்பது மணி வகுப்பு முடிந்த மற்றொரு கூட்டம் வெளியேறுகிறது. இரண்டுக்கும் இடையே இருப்பது பத்து நிமிஷமே. அடுத்து, பருவ மாறுதல். வகுப்புகள் நடக்கும் மாதங்களில் ஊர் நிரம்பி வழியும். விடுமுறை வந்தால் பாதி ஊர் காலியாகிவிடும். மூன்றாவது, மாணவர்களின் வருவாய் நிலை. இவர்களிற் பலர் முதன்முறையாக வீட்டை விட்டு வந்தவர்கள்; கையில் அளவான பணமே உள்ளவர்கள்.

நான்காவது, நிலம். இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிற்கும் இடமும், அது உள்ளே வந்து வெளியே செல்லும் வழியும் சேர்ந்து ஏறத்தாழ 330 சதுர அடி தேவை என்று கொள்ளலாம். 60 மாணவர் 60 கார்களில் வந்தால் அவற்றை நிறுத்த 19,800 சதுர அடி வேண்டும்; அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதே 60 பேரும், சிலர் அமர்ந்தும் சிலர் நின்றுமாக, ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிவிடலாம். இறக்கிவிட்ட பஸ் அங்கே நிற்பதும் இல்லை. அடுத்த 60 பேரை அழைத்துவரச் சென்றுவிடுகிறது. ஆய்வுக்கூடம் கட்டவேண்டிய நிலத்தில் கார்களை நிறுத்திவைப்பதா என்னும் கேள்வி எழுந்த இடங்களிலெல்லாம் பல்கலைக் கழகங்கள் பஸ்ஸின் அருமையை உணரத் தொடங்கின.

இனி முதலாவது ஊருக்கு வருவோம். அதன் பெயர் டேவிஸ். கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரமாகிய சாக்ரமெண்டோவுக்கு மேற்கே, 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளது. கழனிகள் சூழ்ந்த சமவெளி. 1908-ஆம் ஆண்டில் மாணவர்க்கு வேளாண்மை கற்பிக்கும் ஒரு பண்ணையாக அங்கே கல்வி தொடங்கிற்று. 1959-இல் அது கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் முழுமையான ஒரு கிளையாக உயர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 67,000. பல்கலைக் கழகத்திலோ ஏறத்தாழ 40,000 மாணவர் பயில்கின்றனர். சைக்கிளுக்கும் அவ்வூர் பெயர் பெற்றது. சாலையில் சைக்கிளுக்கெனத் தனிப் பாதையை அந்நாட்டில் முதன்முதலாக 1967-இல் வகுத்தது டேவிஸ் நகரமே.

அடுத்த ஆண்டு, 1968-இல், அவ்வூர் மாணவர் சங்கத்தார் ஒரு காரியம் செய்தனர். லண்டன் மாநகரின் தெருக்களில் ஓடி ஓய்வுபெற்ற பழைய மாடி பஸ்கள் இரண்டை விலைக்கு வாங்கினர். பம்பாயிலோ கல்கத்தாவிலோ பழைய மாடி பஸ்ஸின் மேல்தட்டில் அமர்ந்து சென்றவர்களுக்கு அந்த வண்டியின் தோற்றத்தை நாம் விவரிக்கவேண்டுவதில்லை. அவ்விரண்டையும் இரண்டு வழித்தடங்களில் ஓட்டத் தொடங்கினர். யுனிட்ரான்ஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். ஓட்டியவர்களும் மாணவர்கள், ஏறியவர்களும் மாணவர்கள். வேடிக்கையாகத் தொடங்கிய இளைஞர் முயற்சி இரண்டொரு ஆண்டில் ஓய்ந்துவிடும் என்று கருதுவது இயல்பே. ஆனால் அது ஓயவில்லை.

ஓயாமைக்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது, 1972-ஆம் ஆண்டில் நிகழ்ந்த மாறுதல். அதுவரை மாணவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த பஸ், அவ்வாண்டில் நகர சபையின் பொருளுதவியோடு ஊர் மக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அது முதல் கல்லூரியின் வண்டி ஊரின் வண்டி ஆயிற்று. காலை பத்து மணிக்கு மாணவர் நெருக்கியடித்து ஏறும் அதே பஸ், நண்பகலில் மருந்துக்கடைக்குச் செல்லும் முதியவரை ஏற்றிச் செல்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் நேரத்தை ஒட்டியே சில வழித்தடங்கள் அமைந்துள்ளன. மாணவருக்கு வேண்டாத நேரத்தில் ஊருக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே சும்மா நின்றிருக்கவேண்டிய வண்டிக்கும் வேலை கிடைக்கிறது.

இரண்டாவது காரணம், பணம் சேரும் முறை. இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் கல்விக் கட்டணத்தோடு சேர்த்துப் பஸ்ஸுக்கென ஒரு சிறு தொகையைப் பருவந்தோறும் செலுத்திவிடுகின்றனர். அதன் பின் அடையாளச் சீட்டைக் காட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏறும்போது காசு இல்லை. இதனைச் சிலர் இலவசம் என்பர். அது சரியான சொல் அன்று. எல்லோரும் முன்னதாகவே கொடுத்துவிட்ட பணம் அது. நம் கிராமங்களில் ஏரியைக் காப்பதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உழைக்கும் குடிமராமத்து முறை இருந்ததை நாம் அறிவோம். எவன் வயலுக்கு எத்தனை படி நீர் பாய்ந்தது என்று அளந்து அதற்கு விலை போட்டுக் காசு வாங்கவில்லை. ஏரி எல்லோருக்கும் பொது. ஆகவே கரையைக் காப்பதும் எல்லோருக்கும் பொது. டேவிஸ் நகர மாணவர் பஸ்ஸை ஏரியைப் போல் கருதினர் என்று கூறினால் பொருந்தும்.

அந்தப் பஸ்ஸை ஓட்டுபவர் யார்? இன்றும் பெரும்பாலும் மாணவர்களே. இருபது வயதை ஒட்டிய இளைஞரும் பெண்களும், பயணிகள் வண்டி ஓட்டுவதற்குரிய சட்டபூர்வமான உரிமம் பெறப் பயிற்சி பெறுகின்றனர். அப்பயிற்சியை அளிப்போரும் மூத்த மாணவர்களே. காலையில் இரண்டு மணி நேரம் பஸ் ஓட்டிவிட்டு, அதே பஸ்ஸில் தம்மோடு வந்தவர்களோடு வகுப்பில் சென்று அமர்கின்றனர். நிர்வாகத்துக்கும் இயந்திரப் பழுது பார்ப்பதற்கும் நிலையான அலுவலர் சிலர் உளர். எனினும் தொழிலின் பெரும்பகுதி மாணவர் கையில்தான். படிப்புச் செலவுக்கு அவர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது. ஊருக்கு ஓட்டுநர் கிடைக்கின்றனர்.

இந்த பஸ்களின் நேர அட்டவணையிலும் ஒரு நுட்பம் உண்டு. வளாகத்தினுள் இரண்டு நிலையங்கள். ஊரின் பல மூலைகளிலிருந்தும் வரும் வழித்தடங்கள் அவ்விரண்டில் ஒன்றில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஓர் எழுத்தே பெயர். வகுப்பு தொடங்குவதற்கு முன் வந்து சேர்வதும், வகுப்பு முடிந்து மாணவர் நடந்து வருவதற்குப் போதிய அவகாசம் விட்டுப் புறப்படுவதும் முறை. கால் மணிக்கு ஒன்று, அல்லது அரை மணிக்கு ஒன்று. அரை மணிக்கு ஒன்று என்பது குறைவுதான். ஆனால் எந்த நிமிஷத்தில் வரும் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால், காத்திருக்கும் வேதனை பாதி குறைந்துவிடுகிறது. எப்போது வரும் என்று தெரியாத பஸ் பத்து நிமிஷத்தில் வந்தாலும் நெடுநேரம் நின்றதாகவே தோன்றும்.

இப்போது அங்கே புதிய மாடி பஸ்களும், மின்கலத்தால் ஓடும் பஸ்களும் சேர்ந்துள்ளன. இரண்டு பழைய வண்டிகளில் தொடங்கிய காரியம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்து நிலைத்துவிட்டது.

இரண்டாவது ஊர், அயோவா மாநிலத்தின் நடுவே உள்ள ஏம்ஸ். இதுவும் வேளாண்மைக் கல்லூரியாகத் தொடங்கிப் பல்கலைக் கழகமாக வளர்ந்த இடத்தைச் சார்ந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 66,000. ஆனால் டேவிஸைப் போல் மிதமான தட்பவெப்பம் அங்கே இல்லை; குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே வெப்பம் இறங்கி, பனி கொட்டும். சைக்கிளை நம்பி அங்கே ஆண்டு முழுதும் காலம் தள்ள முடியாது. தொடக்க நாளில் கல்லூரி ஊருக்கு வெளியே இருந்தமையால், 1891-ஆம் ஆண்டிலேயே ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு சிறு நீராவி ரயில் ஓடிற்று. டிங்கி என்று மாணவர் அதனைச் செல்லமாக அழைத்தனர். ஆகவே, கல்லூரியையும் ஊரையும் இணைக்க ஒரு பொது வண்டி வேண்டும் என்ற எண்ணம் அவ்வூருக்குப் புதியது அன்று.

இன்றைய பஸ் முறை 1976-இல் தோன்றியது. சைரைட் என்பது அதன் பெயர். அதனை நகராட்சி, பல்கலைக் கழகம், மாணவர் அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து தாங்குகின்றன. மூன்றும் பணம் தருகின்றன. மூவருடைய பிரதிநிதிகளும் ஆட்சிக் குழுவில் அமர்கின்றனர். எந்த வழித்தடத்தை நீட்டுவது, இரவில் எத்தனை மணி வரை ஓட்டுவது என்பவற்றை அக்குழு தீர்மானிக்கிறது. பணம் கொடுத்த மாணவனுக்குப் பேச்சுரிமையும் உண்டு. இது சிறிய செய்தி அன்று. பொதுவாக நாம் மாணவரிடம் கட்டணம் வாங்குவோம். கருத்து வாங்குவது அரிது. இவ்வேற்பாட்டின் பயனை ஓர் எண்ணால் அறியலாம். 2015, 2016-ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் ஏம்ஸ் நகரின் பஸ்களில் ஓராண்டில் ஏறியோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டிற்று. ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கைக்குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு முறைக்கு மேல் பிரயாணம் ஆகிறது.

மூன்றாவது ஊர், வட கரோலினா மாநிலத்துச் சாப்பல் ஹில். மக்கள்தொகை ஏறத்தாழ 62,000. அம்மாநிலப் பல்கலைக் கழகம் அங்கே 1795 முதல் மாணவரைச் சேர்த்து வருகிறது. அதனை ஒட்டியே பெரிய மருத்துவமனையும் உள்ளது. 1974-இல் நகரப் பஸ் தொடங்கிற்று. அண்டையிலுள்ள காரபரோ என்னும் சிற்றூரும் அதில் பங்காளி. 2002-ஆம் ஆண்டு ஜனவரியில் இவ்வூரார் ஒரு துணிவான முடிவு செய்தனர். மாணவர் என்றும், ஊழியர் என்றும், ஊரார் என்றும், வெளியூரார் என்றும் பேதமின்றி, ஏறுகின்ற எவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை என்பதே அம்முடிவு. பல்கலைக் கழகமும் இரண்டு ஊர்களின் சபைகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. பத்தாண்டுகளுக்குள் பிரயாணிகளின் எண்ணிக்கை சுமார் இரு மடங்காயிற்று.

இம்முடிவின் பின்னே உள்ள கணக்கைச் சிந்தித்தால் அது அத்தனை துணிவும் அன்று என்று தோன்றும். அமெரிக்க பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. ஓட்டுநரின் அருகே உள்ள பெட்டியில் காசு போடவேண்டும். ஒருவர் காசைத் தேடி எடுத்துப் போட 5 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் ஏறினால் 150 விநாடி; அதாவது இரண்டரை நிமிஷம். அவ்வளவு நேரமும் இயந்திரம் ஓட, வண்டி நிற்கிறது. காசுப்பெட்டிக்கு விலை உண்டு. அதனைத் திறந்து எண்ணுவதற்குச் சம்பளம் உண்டு. பிரயாணிகளிற் பெரும்பாலோர் முன்னரே வேறு வழியில் பணம் கட்டியவர்களாக இருக்கும் ஊரில், எஞ்சிய சிலரிடம் சில்லறை வாங்குவதற்காக எல்லோரையும் நிறுத்திவைப்பது இலாபமா, நஷ்டமா என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர்.

நேயர்களே, இவ்வேற்பாடுகளுக்கு மறுப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. சைக்கிளில் செல்பவனும், விடுதியிலிருந்து நடந்தே வகுப்புக்குச் செல்பவனும் பஸ்ஸுக்காக ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்னும் கேள்வி நியாயமானதே. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. சைக்கிளில் செல்பவனும் மழை நாளில் பஸ் நிலையத்துக்குத்தான் வருகிறான். டேவிஸ் நகரில் மாரிக்கால மழை தொடங்கியவுடன் பஸ்ஸில் நெருக்கடி மிகும். தனக்கு வேண்டிய அன்று பஸ் இருக்கவேண்டுமானால், வேண்டாத நாள்களிலும் அது ஓடிக்கொண்டிருக்கவேண்டும். இன்னொரு விடை: பஸ்ஸில் ஏறிய 60 பேரும் சாலையைக் கார்களால் அடைக்கவில்லை. அதனால் சைக்கிளில் செல்பவனுக்கு வழி கிடைக்கிறது. ஏறாதவனும் பயன் பெறுகிறான்.

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்பது மற்றொரு மறுப்பு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மிடையே பழமொழி உண்டு. ஆனால் இது தானம் அன்றே! முன்பணம் கொடுத்து வாங்கிய மாடு. ஆகவே தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பஸ் ஏன் தாமதம், ஏன் இந்தத் தெருவுக்கு வரவில்லை என்று கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆட்சிக் குழுவில் மாணவனுக்கு இடம் கொடுத்ததன் நோக்கமும் அதுவே.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதல் வகுப்பு நேரத்தில் பஸ் நிரம்பிவிட்டால் இடைவழியில் நிற்பவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேர்கிறது. கோடை விடுமுறையில் பஸ்கள் குறைக்கப்படும்போது, விடுமுறை இல்லாத ஊர் மக்கள், சிறப்பாக முதியோரும் வீட்டு வேலை செய்வோரும், தம்மைப் பிறகே எண்ணுகிறார்கள் என்று வருந்துகின்றனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோய் பரவி வகுப்புகள் வீட்டுத் திரைக்குச் சென்றபோது, கல்லூரியை நம்பியிருந்த பஸ்கள் ஏறுவாரின்றி வெறுமையாக ஓடின. அதன் பின் ஓட்டுநர் பற்றாக்குறை அந்நாடெங்கும் பஸ் நிர்வாகங்களை வருத்திற்று. ஆனால் இக்குறைகளால் அம்மூன்று ஊர்களில் எதுவும் பஸ்ஸைக் கைவிட்டுவிடவில்லை. பலர் சேர்ந்து தாங்கும் பாரம் ஒருவர் கை தளர்ந்தாலும் விழுந்துவிடுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எல்லோரும் சேர்ந்து முன்னதாகக் கொடுத்து, வேண்டியவர் ஏறிக்கொள்ளும் முறை நமக்கும் அந்நியமானது அன்று. தமிழகத்தில் பள்ளி மாணவர்க்குக் கட்டணமில்லாப் பஸ் சீட்டு பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யும் திட்டம் டில்லியில் 2019-ஆம் ஆண்டு அக்டோபரிலும், தமிழகத்துச் சாதாரண நகரப் பஸ்களில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023-ஆம் ஆண்டு ஜூனிலும் தொடங்கிற்று. டில்லியில் கல்லூரி நேரத்தை ஒட்டி மாணவருக்கென்றே ஓடிய யூ ஸ்பெஷல் பஸ்களை அங்கே படித்த நம்மவர் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். இடையே மங்கிப்போன அந்த ஏற்பாடு 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் தொடங்கப்பட்டது.

ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே பஸ் ஓடும் இடங்களுக்கு உரியவை. கட்டணம் இல்லை என்று சீட்டு கொடுத்துவிட்டு, பஸ் இல்லாமற்போனால் அச்சீட்டினால் பயன் என்ன? நடுத்தரமான கல்லூரி ஊர்களின் நிலை இதுதான். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 மின்சார பஸ்களை நகரங்களுக்கு வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நல்ல திட்டம், ஆனால் பொதுவாக மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களையே அது கருத்திற் கொண்டது. பிலானி போன்ற ஊர் அந்த அளவுக்குள் வாராது. மாநிலத்தின் தொலைதூரப் பஸ்களும் அத்தகைய ஊரின் நிலையத்துக்கு வந்து திரும்பிவிடும். நிலையத்திலிருந்து விடுதி வாசல் வரை உள்ள மூன்று கிலோமீட்டருக்கு எவரும் பொறுப்பில்லை.

பெரிய கல்வி நிலையங்கள் சிலவற்றில் வேறொரு காட்சியையும் காண்கிறோம். நிலையத்துக்குச் சொந்தமான வண்டி ஒன்று அலுவலர்களையும் மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு ஊரின் நடுவே செல்கிறது. அதில் பாதி இடம் காலியாக இருக்கும். சாலையோரத்தில் அதே நிலையத்தின் உணவுக்கூடத்தில் சமையல் செய்யும் பெண், கையில் பையுடன் நடந்து செல்கிறாள். வண்டி நிற்பதில்லை. அதில் ஏற அவளுக்கு உரிமை இல்லை. அந்த வண்டியை ஓட்டுவதற்கு ஆகும் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. அவளை ஏற்றிக்கொள்வதால் கூடுதல் செலவு ஏதும் பெரிதாக இல்லை. இல்லாதது ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே ஓர் உடன்பாடு மட்டுமே. டேவிஸ் நகரத்தார் 1972-இல் செய்துகொண்டது அந்த உடன்பாடுதான். மாடி பஸ் வாங்கிய 1968-ஐ விட, கதவைத் திறந்துவிட்ட 1972-ஆம் ஆண்டையே நாம் சிறந்ததாகக் கருதுகிறோம்.

அங்குள்ளவற்றை அப்படியே இங்கு எடுத்து வைக்க முடியாது. மாணவரே பஸ் ஓட்டுவதற்கு நம் சட்டமும் வழக்கமும் எளிதில் இடம் தாரா. அது தேவையும் இல்லை. நம் ஊர்களில் வேலை தேடும் தேர்ந்த ஓட்டுநர் உளர், கண்டக்டரும் உளர். இன்று ரிக்ஷா ஓட்டிப் பிழைப்பவர்களுக்கே அவ்வேலைகளில் முதல் இடம் தந்தால், ஒருவர் பிழைப்பைக் கெடுத்து மற்றவர் சௌகரியம் பெற்றார் என்னும் பழியும் வாராது. எடுத்துக்கொள்ளத்தக்கவை வேறு. கல்வி நிலையம், நகராட்சி, மாணவர் ஆகிய மூவரும் பங்கு கொள்ளுதல்; பங்கு கொடுத்தவர்க்குக் குழுவில் இடம் அளித்தல்; எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தல்; குறித்த நேரத்தில் தவறாது ஓட்டுதல். ரயில் நிலையம், கடைத்தெரு, மருத்துவமனை, விடுதி, கல்லூரி என ஒரே வழித்தடம் போதும். சிறிய பஸ்கள் இரண்டு போதும். ஆனால் நூலகத்தின் கதவு அடைத்த பின்னரே கடைசிப் பஸ் புறப்படவேண்டும். அந்த ஒரு விதியில் நூறு பெற்றோரின் கவலை தீரும்.

இதனை யார் தொடங்குவது? இங்கேதான் நாம் நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும். வெளி மாநிலத்தில் வாழும் நாம் தமிழ்ச் சங்கம் அமைக்கிறோம். பொங்கல் விழா நடத்துகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைக்கிறோம். இவை யாவும் நன்று. ஆனால் நாம் வாழும் நகரின் சாலை பற்றியோ, குடிநீர் பற்றியோ, பஸ் பற்றியோ பேச்சு வந்தால், அது இவ்வூராருடைய காரியம், நாம் வந்தவர்கள், என்றேனும் ஒரு நாள் திரும்பிச் செல்லவிருப்பவர்கள் என்று ஒதுங்கிவிடுகிறோம். இருபது ஆண்டு வாழ்ந்த பின்னரும், ஓய்வுபெற்று வீடு கட்டிக்கொண்ட பின்னரும், இவ்வாறே கூறிக்கொண்டிருக்கிறோம்.

டேவிஸ் நகர மாணவன் அந்த ஊரில் தங்குவது நான்கு ஆண்டுகள். அவன் எங்கிருந்தோ வந்தவன். படிப்பு முடிந்ததும் எங்கோ செல்லவிருப்பவன். அவன் கட்டிய பணத்தில் வாங்கும் பஸ்ஸில் அவன் ஏறப்போவதில்லை. பின்னே வருகிறவர்கள் ஏறுவர். அவன் ஏறிய பஸ், அவனுக்கு முன் படித்துச் சென்றவர்கள் வாங்கி வைத்தது. இவ்வாறு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஊரில் நிலைத்திராதவர்களே நிலைத்த ஒன்றை அவ்வூருக்குச் செய்து தந்திருக்கின்றனர். நான்கு ஆண்டு தங்குபவனுக்கு அந்த உரிமையும் கடமையும் உண்டு என்றால், இருபது ஆண்டு தங்கிய நமக்கு இல்லையா?

ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். தேர் இழுக்கும்போது, வடம் பிடிப்பவன் உள்ளூரானா வெளியூரானா என்று எவரும் கேட்பதில்லை; பிடித்த கை எதுவாயினும் தேருக்குச் சம்மதமே. நாம் வாழும் ஊரின் நகராட்சிக் கூட்டத்தில், நம் சங்கத்தின் பெயரால், ஊர்க்காரர்களோடு சேர்ந்து, இரண்டு சிறிய பஸ் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் கொடுக்க நம்மால் இயலும். அதற்குத் தேவையானது அவ்வூர் மொழியில் எழுதிய ஒரு பக்கக் கடிதமும், அதன் கீழே பல மொழிக்காரர் இடும் கையெழுத்துகளுமே. அந்த வடத்தில் நம் கையும் இருக்கட்டும்.